ஆல்ப்ஸில் ஒரு வாரம், கார் இல்லாமல், நாலு பேருக்கு இரண்டரை லட்சத்தில்: வழி சொல்லுங்கள்

நெல்லைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். 2026 மே மாதம், பையனின் முழு ஆண்டு லீவில் ஆல்ப்ஸ் போகத் திட்டம். நான், மனைவி, ஒன்பது வயசுப் பையன், அம்மா. அம்மாவுக்கு 66 வயசு. முழங்கால் வலி உண்டு, சமதளத்தில் நன்றாக நடப்பார், படி என்றால் நின்று நின்றுதான் ஏறுவார்.

மொத்தம் ஏழு இரவு. விமான டிக்கெட்டும் விசாவும் தனிக் கணக்கு. தங்க, சாப்பிட, சுற்ற எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சத்துக்குள் முடிக்கணும், கிட்டத்தட்ட 2,400 யூரோ. அங்கே கார் எடுத்து ஓட்டும் எண்ணம் இல்லை.

அம்மாவுக்கு ஒரே ஆசைதான். பனியில் நிற்கணும், கையில் அள்ளிப் பார்க்கணும்.

நான் போட்டு வைத்திருப்பது: சூரிச் 1 இரவு, லூசெர்ன் 2, இன்டர்லாக்கன் 2, செர்மாட் 1, திரும்ப சூரிச் 1. பெரியவர்கள் மூன்று பேருக்கும் எட்டு நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ். தலைக்கு 400 பிராங்குக்கு மேல் வருகிறது. பாஸ் வாங்கினாலே பாதிப் பணம் காலி, அதற்கு மேல் பனிமலைக்குப் போகும் யுங்ஃபிராவ்யோக் ரயில் டிக்கெட் வேறு. எங்கே குறைக்கலாம்?

பேர்ண்வாசி

வணக்கம் தம்பி. நான் கனகாலமா இஞ்ச பேர்ணில இருக்கிறன். உங்கட திட்டத்தைப் பார்த்தன். ஏழு நாளில இத்தனை தரம் பெட்டி தூக்கினா காசு மட்டுமில்லை, அம்மாவின்ர முழங்காலும் போயிடும். முதல்ல செர்மாட்டை வெட்டுங்கோ. ஒரு இரவுக்காக அவ்வளவு தூரம் போய் வாறது தேவையில்லை.

டிராவல் பாஸ் கூடாது எண்டு நான் சொல்லேல்லை. ஒவ்வொரு நாளும் நெடுந்தூரம் ஓடுற ஆக்களுக்கு அது லாபம்தான். ஆனா ஒரே ஊரில இருந்து சுத்திப் பார்க்கிறதெண்டா அரை விலை அட்டை போதும். வெளிநாட்டில இருந்து வாற ஆக்களுக்கு ஒரு மாசத்துக்குத் தருவினம். ரயில், பஸ், கப்பல், கனக்க மலை ரயில் எல்லாம் பாதி விலை. தூரம் போற நாளுக்கு மட்டும் சேமிப்பு நாள் டிக்கெட் எண்டு ஒண்டு இருக்கு. அந்த நாள் முழுக்க நாடு முழுவதும் ஓடலாம். முந்தி வாங்கினா அரை விலை அட்டையோட 29 பிராங்கில தொடங்கும், நாள் கிட்டக் கிட்ட விலை ஏறும். மகனுக்கு குடும்ப அட்டை கேட்டு வாங்குங்கோ, அது இலவசம். 16 வயசுக்கு உட்பட்ட பிள்ளையள் தாய் தகப்பனோட சும்மா போகலாம்.

இன்டர்லாக்கன் ஒஸ்ட் ஸ்டேசனுக்குப் பக்கத்திலேயே இளைஞர் விடுதி இருக்கு. பேர்தான் இளைஞர் விடுதி, குடும்பங்களும் தங்குறவை. லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு மே மாசத்தில பார்க்க வடிவு. பனி உருகி அருவியெல்லாம் நிறைஞ்சு விழும். ஸ்டவ்பாக் அருவி 297 மீட்டர், ரோட்டில நிண்டே பார்க்கலாம். ஒரு காசும் இல்லை.

பனிக்கு யுங்ஃபிராவ்யோக்தான் வேணும் எண்டு இல்லை. அரை விலை அட்டையோடயும் தலைக்கு நூறு பிராங்குக்கு மேல போகும். எங்கல்பர்க்கில இருந்து டிட்லிஸ் மலைக்குப் போனா அதில பாதியளவுதான். அங்கயும் 3,000 மீட்டர் உயரத்தில பனி இருக்கு.

மலைரயில்

பேர்ண்வாசி அண்ணன் சொன்னது ஸ்விஸ் கணக்கில் சரி. ஆனால் பட்ஜெட்தான் முதல் நிபந்தனை என்றால் நான் கேள்வியையே மாற்றிக் கேட்பேன். எந்த பாஸ் வாங்கலாம் என்று தேடுவதற்கு முன்னால், எந்த ஊரில் தங்கினால் பாஸே வாங்க வேண்டாம் என்று பாருங்கள்.

ஆல்ப்ஸ் முழுக்க விருந்தினர் அட்டை என்று ஓர் ஏற்பாடு உண்டு. நீங்கள் விடுதியில் தரும் ஊர்வரியிலோ அறை வாடகையிலோ பஸ், ரயில் செலவு சேர்ந்திருக்கும். பதிவு செய்ததும் அட்டையையோ கைப்பேசிக்கு ஒரு கியூஆர் குறியையோ தருவார்கள். அதைக் காட்டி அந்த வட்டாரம் முழுக்கப் போகலாம். பல பேர் இதைக் கேட்காமலே ஊர் திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஸ்விட்சர்லாந்தின் டிச்சீனோ மாநிலத்தில் ஹோட்டலில், இளைஞர் விடுதியில், கூடார முகாமில் எங்கே தங்கினாலும் மாநிலம் முழுக்கப் பொதுப் போக்குவரத்து இலவசம். பிரான்சில் ஷாமொனி பள்ளத்தாக்கில் பஸ்ஸும் செர்வோவிலிருந்து வலோர்சின் வரை ரயிலும் அட்டைக்குள் அடக்கம். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலம் 2025 மே முதல் தங்கும் விருந்தினர் எல்லாருக்கும் இதைக் கொடுக்கிறது. அதே நாட்டின் இன்ஸ்புருக் நகரத்தில் இரண்டு இரவு தங்கினாலே வெல்கம் கார்டு.

இவற்றில் நான் மிகவும் மதிப்பது இத்தாலியின் தெற்கு டிரோல். அங்கே கெஸ்ட் பாஸ் தரும் விடுதியில் தங்கினால் மாகாணம் முழுக்க பஸ், வட்டார ரயில், சில கேபிள் கார்கள்கூட கூடுதல் காசில்லாமல். போல்சானோ நகரத்திலிருந்து ரிட்டன் மலைக்குப் போகும் கேபிள் கார் அதில் ஒன்று. ஊர்க்காரர் வேலைக்குப் போக, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஏறுகிற வண்டி அது. சுமார் 12 நிமிஷத்தில் திராட்சைத் தோட்டத்திலிருந்து 1,220 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். இறங்கின இடத்தில் 1907-ல் தொடங்கிய குட்டி ரயில் நிற்கும். எதிரே டோலமைட்ஸ் மலைகள்.

என் யோசனை: மியூனிக்கில் இறங்கி, இன்ஸ்புருக், அப்புறம் ரிட்டன். இரண்டே இடம்.

நெல்லைக்காரன்

இரண்டு பேருக்கும் நன்றி. மலைரயில், யோசனை பிடித்திருக்கிறது. ஒரே சிக்கல், அம்மா ‘ஸ்விட்சர்லாந்து போறோம்’ என்று தெரு முழுக்கச் சொல்லியாச்சு. இத்தாலி என்றால் முகம் வாடுமோ என்று யோசனையாக இருக்கிறது. அங்கே மலை அதே மாதிரி இருக்குமா, இல்லை விலைக்கேற்ற சரக்குதானா?

கொங்கு_அக்கா

தம்பி, நான் எங்க மாமியாரைக் கூட்டிட்டு ரெண்டு பக்கமும் போயிருக்கேனுங்க. வயசானவங்களுக்கு ஊர் பேரு விமானத்துல ஏர்ற வரைக்கும்தான் பெருசு. அங்க போனப்புறம் அவங்க பாக்கறது வேற: உக்கார பெஞ்சு இருக்குதா, கழிப்பறை பக்கத்துல இருக்குதா, சாயங்காலம் சூடா சோறு கிடைக்குமா. இந்த மூணும் சரியா இருந்தா எந்த மலையும் நல்ல மலைதான்.

ரிட்டன்ல கேபிள் கார் இறங்கற ஓபர்போட்சன்லேர்ந்து குளோபன்ஸ்டைன் வரைக்கும் ஒரு நடைபாதை இருக்குதுங்க. ஃபிராய்ட் நடைபாதைன்னு பேரு. உளப்பகுப்பாய்வை உருவாக்குன டாக்டர் சிக்மண்ட் ஃபிராய்ட் 1911-ல அங்க தங்கி தன்னோட கல்யாண வெள்ளிவிழாவைக் கொண்டாடினாராம். பெரிய ஏத்த இறக்கம் கிடையாது, வழி நெடுக பெஞ்சு. எங்க மாமியார் பாதி வழி நடந்தாங்க, மீதிக்கு அந்தக் குட்டி ரயில்ல ஏறிட்டாங்க. அதுதான் அந்த இடத்துல சௌகரியம், முடியலைன்னா பக்கத்துலயே ஸ்டேஷன் இருக்கும்.

சாப்பாடு பத்திச் சொல்லிடறேன். சமையலறை இருக்கற வீடா எடுங்க. மூணு வேளையும் வெளிய சாப்பிட்டா உங்க கணக்கு நிக்காது. ஊர்லேர்ந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அரிசி, ரசப்பொடி கொண்டு போங்க. ஆனா நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு எதுவும் வேண்டாம். இந்தியாவிலேர்ந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டு போக அங்க தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, செடி கொடி எல்லாத்துக்கும் சான்றிதழ் கேப்பாங்க.

நீங்க சைவமா இருந்தா சூப்புல மட்டும் கவனமா இருங்க. காய்கறி சூப்புன்னு எழுதியிருந்தாலும் மாட்டெலும்பு வேகவச்ச தண்ணியில செய்யற வழக்கம் அந்தப் பக்கம் உண்டு. கேட்டுட்டு சாப்பிடுங்க. கீரையும் பாலாடைக்கட்டியும் வச்ச ஷ்லுட்ஸ்கிராப்ஃபன் எங்க எல்லாருக்கும் பிடிச்சுது, பாக்கறதுக்கு நம்ம சோமாசி மாதிரியே இருக்கும். உருண்டை பண்ணித் தர்ற க்னோடல்ல சில வகையில பன்னிக்கறி சேர்ப்பாங்க, கீரை க்னோடல்னு கேட்டு வாங்குங்க.

இன்ஸ்புருக்_மாணவி

எல்லாரும் இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். தேதியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. மே என்பது ஆல்ப்ஸில் இடைப்பருவம். பனிச்சறுக்குக் காலம் முடிந்து, கோடை நடைக்காலம் தொடங்காத நேரம். கேபிள் கார்களை இந்த மாதத்தில்தான் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். மலை உணவகங்கள் பூட்டியிருக்கும். 2,000 மீட்டருக்கு மேல் நடைபாதைகளில் பனி கிடக்கும். இன்டர்லாக்கன் பக்கம் ஷுனிகே பிளாட்டே ரயில் ஜூனில்தான் ஓடத் தொடங்கும். அதனால் ஊரை முடிவு செய்யும் முன் ஒவ்வொரு கேபிள் காருக்கும் அந்தந்த இணையதளத்தில் இயக்கத் தேதியைப் பாருங்கள். இது ஒன்றைச் செய்யாவிட்டால் மற்றத் திட்டம் எதுவும் நிற்காது.

உங்கள் தேவைக்கு மேயிலும் நன்மை உண்டு. பள்ளத்தாக்கு முழுக்கப் பூத்திருக்கும், உச்சி வெள்ளையாக இருக்கும். அறை வாடகை ஜூலை, ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது. அம்மாவுக்குப் பனி வேண்டும் என்றால் அது எளிதில் கிடைக்கும் மாதம் இது.

இன்னொன்று. இந்த வருடம் பெந்தெகொஸ்தே ஞாயிறு மே 24. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து, மியூனிக் இருக்கும் ஜெர்மன் மாநிலமான பவேரியாவில் இரண்டு வாரம் பள்ளி விடுமுறை. மியூனிக்கே கிளம்பி பிரென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்கு வரும். அறை விலை ஏறும், ரயிலில் நிற்க இடம் இருக்காது. மே 14 வியாழன் விண்ணேற்றத் திருநாள், பலர் வெள்ளியும் லீவு போட்டு நாலு நாள் வெளியே போவார்கள். இரண்டுக்கும் நடுவில் 16 சனி முதல் 23 சனி வரை உங்களுக்கு அருமையான வாரம்.

பேர்ண்வாசி

தங்கச்சி சொன்னது நல்ல விசயம். ஆனா நான் இன்னும் சுவிஸ் பக்கம்தான் நிக்கிறன். ஏனெண்டு சொல்லுறன்.

மலைரயில் தம்பியின்ர வழியில மூண்டு நாடு வருது, மூண்டு நாட்டு டிக்கெட் முறை வருது. ஜெர்மன் பக்கம் ரயில் பிந்துறது சாதாரணம். எல்லைக்கு எல்லை மாறி ஏற வேணும். ஒரு வண்டி விட்டா அடுத்ததும் போயிடும். இஞ்ச 1982-ல இருந்து சீரான நேர முறை இருக்கு. ஒவ்வொரு மணித்தியாலமும் அதே நிமிசத்துக்கு ரயில் வரும். பெரிய ஸ்டேசனில எல்லா வண்டியும் ஒண்டா வந்து சேர்ந்து ஒண்டா வெளிக்கிடும். மலையில ரயில் வந்து நிண்டா வாசலில மஞ்சள் போஸ்ட் பஸ் காத்துக்கொண்டு நிக்கும். வயசான ஆளோட வாறவைக்கு இதின்ர பெறுமதியைக் காசில சொல்லேலாது.

சாப்பாடும் அப்பிடித்தான். சூரிச்சிலயும் பேர்ணிலயும் எங்கட சனத்தின்ர கடையள் கனக்க இருக்கு. இடியப்பம், புட்டு மா, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். பேர்ணில சமயங்களின் இல்லம் எண்ட கட்டிடத்துக்குள்ள சிவன் கோயிலும் இருக்கு, 2014 கடைசியில திறந்தது. தேவாலயம், மசூதி, பௌத்தக் கூடம் எல்லாம் அதே கட்டிடத்துக்குள்ளதான். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, சந்தோசப்படுவா.

மலைரயில்

அண்ணன் சொன்ன நேர ஒழுங்கை நான் மறுக்கவே மாட்டேன். ஐரோப்பாவில் அதற்கு இணை இல்லை. பணம் இடம் கொடுத்தால் அம்மாவோடு வருகிறவர்களுக்கு நானும் ஸ்விட்சர்லாந்தையே சொல்வேன்.

ஆனால் இவர் கையில் இருப்பது 2,400 யூரோ. அரை விலை அட்டை மூன்று, நாள் டிக்கெட்டுகள், டிட்லிஸ், உள்ளூர் ரயில் எல்லாம் சேர்த்தால் போக்குவரத்துக்கே ஆயிரத்தை நெருங்கும் என்பது என் மதிப்பு. சமையலறையோடு நாலு பேருக்கான வீடு இன்டர்லாக்கன் பக்கம் மீதிப் பணத்தை விழுங்கிவிடும். முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையன் ஐஸ்கிரீம் கேட்டால் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு யோசிக்கிற பயணமாகிவிடும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ரயில் பிந்துகிற விஷயத்துக்கு வழி இருக்கிறது. குறிப்பிட்ட ரயிலோடு கட்டிப்போடும் மலிவு டிக்கெட்டை வாங்காமல், நாள் முழுக்கச் செல்லும் வட்டார டிக்கெட்டை வாங்கினால் ஒன்று போனாலும் அடுத்ததில் ஏறலாம். வண்டி மாற வேண்டியிருக்கும், அதற்கு நேரம் தாராளமாக விட்டுவிடணும். அவசரமே இல்லாத நாளாக வைத்துக்கொண்டால் மாறுவதும் ஊர் பார்க்கிற மாதிரிதான்.

நெல்லைக்காரன்

நேற்று ராத்திரி அம்மாவுக்கு ரிட்டன், அந்தப் பக்கத்து மலைப் புல்வெளியான சைசர் ஆல்ம் படங்களைக் காட்டினேன். ‘இது எந்த ஊருடா’ என்றார். இத்தாலி என்றேன். ‘பனி உண்டுல்லா?’ என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன். ‘அப்பம் சரி’ என்று எழுந்து போய்விட்டார். ஆக முடிவாகிவிட்டது.

பேர்ண்வாசி அண்ணா, உங்கள் கணக்கை அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். தங்கச்சி குடும்பம் அடுத்த வருஷம் ஸ்விட்சர்லாந்து போகிறது, அவர்களுக்குப் பயன்படும்.

இப்போது இரண்டு கேள்வி. ஒன்று, மியூனிக் விமான நிலையத்திலிருந்து இன்ஸ்புருக் வரை மலிவாகப் போவது எப்படி? இரண்டு, விசா எந்த நாட்டுக்குப் போட வேண்டும்? இறங்குவது ஜெர்மனியில் என்பதால் ஜெர்மன் விசாவா?

சென்னை_பயணி

விசாவுக்கு நான் சொல்கிறேன். இறங்கும் நாடு கணக்கில்லை. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா விதிப்படி எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்கணும். நாட்கள் சமமாக வந்து எது முக்கிய இடம் என்று சொல்ல முடியாவிட்டால்தான் முதலில் நுழையும் நாடு. அதனால் இன்ஸ்புருக் 3, ரிட்டன் 3 என்று சமமாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்ஸ்புருக் 2, ரிட்டன் 4, கடைசியில் மியூனிக் 1 என்றால் சந்தேகமே இல்லை, இத்தாலிதான். இத்தாலி விசாவோடு மியூனிக்கில் தாராளமாக இறங்கலாம். எல்லையில் கேட்டால் காட்ட அறைப் பதிவுகளை அச்செடுத்துக் கையில் வையுங்கள்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, பையனுக்குப் பாதி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், அம்மாவுக்கு ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் சேர்த்துப் பாருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள், சந்திப்பு நேரம் கிடைப்பதே கஷ்டம். இப்போதே பிடியுங்கள். அறைகளை ரத்து செய்ய முடிகிற வகையில் மட்டும் பதியுங்கள்.

மலைரயில்

போகும் வழி. நீங்கள் சனிக்கிழமை இறங்குவது நல்லதாகப் போயிற்று. பவேரியா டிக்கெட் என்று ஒன்று உண்டு. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், நாள் முழுக்க பவேரியாவின் வட்டார ரயில், நகர ரயில், பஸ் எல்லாவற்றிலும் போகலாம். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும், சனி ஞாயிறுகளில் நள்ளிரவிலிருந்தே செல்லும். மூன்று பெரியவர்களுக்கு அறுபது யூரோவுக்குள் வரும், பையனுக்குக் காசில்லை. டிக்கெட்டில் பெயர் எழுதணும், அதை மறக்காதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து எஸ்8 நகர ரயிலில் ஏறி ஓஸ்ட்பான்ஹோஃப் ஸ்டேஷனில் இறங்குங்கள். மத்திய நிலையம் வரை போக வேண்டாம். அங்கே கூட்டத்தில் பெட்டியோடு அம்மாவை நடக்க வைப்பானேன்? குஃப்ஸ்டைன் போகும் வட்டார ரயில் ஓஸ்ட்பான்ஹோஃபிலும் நிற்கும். குஃப்ஸ்டைன் ஆஸ்திரியாவில் இருந்தாலும் பவேரியா டிக்கெட் அதுவரை செல்லும். அங்கிருந்து இன்ஸ்புருக்குக்குத் தனி டிக்கெட், ஒரு மணி நேரம் அளவில் போய்விடலாம். களைப்பாக இருந்தால் குஃப்ஸ்டைனில் இறங்கி, கோட்டை தெரிகிற மாதிரி ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

இன்ஸ்புருக்கிலிருந்து ரிட்டன் போகும் நாள்: பிரென்னர் வரை ஆஸ்திரிய வட்டார ரயில், பிரென்னரில் மாறி போல்சானோ. இந்தப் பாதை 1867-லிருந்து ஓடுகிறது, கணவாய் உச்சி ஏறத்தாழ 1,370 மீட்டர். ரிட்டன் விடுதிக்காரரிடம் கெஸ்ட் பாஸை முன்பே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்பிவிட்டால் பிரென்னரிலிருந்தே டிக்கெட் வாங்க வேண்டாம்.

அந்தப் பாஸில் ஒரு நுணுக்கம் உண்டு. கையில் இருந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறை ஏறும்போதும் பதிவு செய்யணும். பஸ்ஸில் ஓட்டுநர் பக்கத்தில் ஒரு கருவி இருக்கும், கியூஆர் குறியைக் காட்டினால் ஒலி கேட்கும். ரயிலுக்கு நடைமேடையிலேயே கருவி, ஏறுவதற்கு முன்பே காட்டிவிட வேண்டும். நாலு பேருக்கும் தனித்தனிக் குறி என்பதால் நாலையும் படமெடுத்து ஒரே கைப்பேசியில் வையுங்கள், ரயில் வருகிற நேரத்தில் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்ஸ்புருக்_மாணவி

பனிக்கு என் வாக்கு இன்ஸ்புருக்கை ஒட்டி நிற்கும் நோர்ட்கெட்டே மலைக்கு. நகர மையத்திலிருந்தே கிளம்பலாம், பஸ்கூட வேண்டாம். முதலில் ஹுங்கர்புர்க் மலை ரயில். அதன் நிலையங்களை வடிவமைத்தவர் ஸாஹா ஹடிட், 2007-ல் திறந்தார்கள். கண்ணாடிக் கூரைகள் உறைந்த பனி உருகி வழிவது போல வளைந்திருக்கும், பையனுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் இரண்டு கேபிள் கார். ஸேகுரூபே 1,905 மீட்டர், ஹாஃபெலேகார் 2,256 மீட்டர். மே நடுவில் ஹாஃபெலேகாரில் பனி கிடக்கும். நிலையத்துக்கு வெளியே வந்தாலே போதும், அம்மா உச்சிவரை ஏற வேண்டாம். ஒரு பக்கம் நகரமும் விமான நிலைய ஓடுபாதையும் காலடியில் தெரியும், இன்னொரு பக்கம் மனித வாசனையே இல்லாத கார்வெண்டல் மலைகள்.

மே மாதப் பழுதுபார்ப்பால் அது மூடியிருந்தால் ஸ்டூபாய் பனியாறு இருக்கிறது. அங்கே பனிச்சறுக்கே ஜூன் தொடக்கம் வரை நடப்பது வழக்கம். சறுக்காதவர்களும் மேலே போகலாம். இன்ஸ்புருக்கிலிருந்து நேர் பஸ் உண்டு, ஒன்றரை மணி நேரத்துக்குள்.

டிக்கெட்டை முன்கூட்டி வாங்கவே வாங்காதீர்கள். காலையில் எழுந்ததும் அந்தந்த மலையின் நேரலைக் கேமராவைப் பாருங்கள். கீழே வெயிலடித்தாலும் மேலே மேகத்துக்குள் ஒன்றும் தெரியாமல் போகலாம், கீழே மேகமூட்டமாக இருக்கும்போது மேலே வெயில் அடிப்பதும் உண்டு. பிற்பகலில் இடி மழை வரும், அதனால் மலை காலையில், நகரம் மதியத்துக்கு மேல். இரண்டு இரவுதான் என்பதால் ஞாயிறு நன்றாக இருந்தால் ஞாயிறே போய்விடுங்கள், திங்கள் காலையை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மாலை 6 மணிக்கு இங்கே பல்பொருள் அங்காடிகள் மூடிவிடும். ஞாயிறு முழுக்க அடைப்பு. ரயில் நிலையத்துக் கடை ஒன்றுதான் கதி. இறங்கின உடனே பால், தயிர், காய்கறி வாங்கிவிடுங்கள். தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம், குழாய்த் தண்ணீர் மலை ஊற்று. எல்லாரும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவோம்.

அம்மாவுக்கு ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ அவசியம். பனியில் செருப்பு வழுக்கும். கையுறை மறக்க வேண்டாம், வெறும் கையில் ஒரு நிமிஷத்துக்கு மேல் பனியைப் பிடிக்க முடியாது. குளிர் கண்ணாடியும் வேண்டும். பனியில் வெயில் பட்டுத் தெறிப்பது கண்ணைக் கூசும்.

நெல்லைக்காரன்

எல்லாம் பார்த்து, விலை விசாரித்து, இப்படி வந்திருக்கிறது.

இன்ஸ்புருக்கில் இரண்டு இரவு 300, ரிட்டனில் சமையலறையோடு பண்ணைவீடு நாலு இரவு 500, மியூனிக் கடைசி இரவு 140. பண்ணைவீட்டு அம்மாள் கெஸ்ட் பாஸ் உண்டு, முன்பே அனுப்புகிறேன் என்று பதில் போட்டிருக்கிறார். ரயில் எல்லாம் சேர்த்து 270. நோர்ட்கெட்டேக்கு நாலு பேருக்கும் 200, சைசர் ஆல்ம் கேபிள் காருக்கு 100. சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 60 வீதம் 420. மொத்தம் 1,930. ஊர்வரி, பையனின் ஐஸ்கிரீம், மருந்து, மாத்திரை எல்லாம் மீதியில் அடங்கும்.

ரிட்டன் நாட்கள்: ஒரு நாள் குட்டி ரயிலும் ஃபிராய்ட் நடைபாதையும். ஒரு நாள் சைசர் ஆல்ம். ஒரு நாள் பக்கத்து ஊர் மெரானோ. மழை வந்தால் போல்சானோவில் ஓட்ஸி அருங்காட்சியகம். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதன் பனிக்குள் கிடந்து 1991-ல் கிடைத்தான் என்று சொன்னதிலிருந்து பையன் மழை வரட்டும் என்கிறான்.

கொங்கு_அக்கா

அருமைங்க. அந்த அருங்காட்சியகம் திங்கக்கிழமை லீவு, நீங்க ரிட்டன் போய்ச் சேர்ற நாளே திங்கள்தான். அதனால செவ்வாயிலேர்ந்து எப்ப மழை வந்தாலும் போகலாம். சைசர் ஆல்ம் கேபிள் கார் மே நடுவுலதான் திறப்பாங்க, தேதியை ஒரு தடவை பாத்துக்குங்க. பஸ்ஸுல சைஸ் கிராமம் வரைக்கும் பாஸ்ல போயிரலாம், கேபிள் காருக்கு மட்டும் காசு. மேல போனதும் அம்மாவை மொத பெஞ்சுல உக்கார வச்சிருங்க. அங்க காலை 9 மணிலேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும் வெளியூர் கார் உள்ள வரக்கூடாது. அவ்வளவு பெரிய புல்வெளி அமைதியா இருக்கும்.

பேர்ண்வாசி

தம்பி, நல்ல திட்டம். நான் சுவிஸ் எண்டு வாதாடினாலும் இதைப் பார்க்க எனக்கும் சந்தோசம். ஒரே ஒரு விசயம். 22-ஆம் திகதி வெள்ளி போல்சானோவில இருந்து மியூனிக் வாறியள். அது பெந்தெகொஸ்தேக்கு முதல் வெள்ளி. சனம் தெற்க போகும், நீங்கள் வடக்க வாறியள், அதால இடம் கிடைக்கும். எண்டாலும் அந்த நேர் ரயிலுக்கு மலிவு டிக்கெட் இப்பவே எடுங்கோ, பிந்தினா விலை ஏறும். நாலு பேரும் ஒண்டா இருக்க ஆசனப் பதிவும் சேர்த்து எடுங்கோ. பின்னேர வண்டியை விட்டுட்டுக் காலமை வண்டியில வாங்கோ. கோடை காலத்தில தண்டவாள வேலை நடக்கும், சில நாளில ஒரு துண்டுக்கு ரயிலுக்குப் பதிலா பஸ் விடுவினம். கிழமைக்கு முதல் ஒருக்கா நேர அட்டவணையைத் திருப்பிப் பாருங்கோ.

நெல்லைக்காரன்

காலை ரயிலே பார்க்கிறேன் அண்ணா. ஆசனம் நாலும் ஒரே மேசையில் காலியாகத் தெரிகிறது, இன்றைக்கே போட்டுவிடுகிறேன். விசா சந்திப்பு தேதி கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.